இரண்டு இருக்கை விமானம் சொல்லித் தரும் பாடம்

(நமது சங்கத்தின் ஞாயிறு மாலைச் சந்திப்பில் ஓய்வுபெற்ற விமானி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பிளஸ் டூ முடிக்கப் போகும் பிள்ளைகளின் பெற்றோர் சிலர் லிஃப்ட்டிலும் பார்க்கிங்கிலும் என்னைக் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "சார், பையன் பைலட் ஆகணும்னு சொல்றான். அனுப்பலாமா?" ஆளுக்கொரு பதில் சொல்வதைவிட, எல்லோருக்கும் சேர்த்து இங்கே சொல்லிவிடலாம் என்று செயலாளர் சொன்னார். அதற்கு நான் ஓட்டிய பெரிய விமானங்களைப் பற்றிப் பேசப் போவதில்லை. முதலில் ஓட்டிய குட்டி விமானத்தைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

பழைய விமானிகள் நாலு பேர் காபிக்கு உட்கார்ந்தால், பேச்சு கடைசியில் அங்கேதான் போய் நிற்கும். எனக்கு மூத்தவர்கள் 'புஷ்பக்' என்பார்கள். பெங்களூரில் எச்.ஏ.எல். தயாரித்து, 1958-ல் முதன்முதலாகப் பறந்த விமானம். இறக்கைக்குத் துணி போர்த்தியிருக்கும், 90 குதிரைத்திறன் எஞ்சின். நம் நாட்டு ஃபிளையிங் கிளப்புகளில் ஒரு தலைமுறையே அதில்தான் கற்றது. என் காலத்தில் செஸ்னா 152. அதற்கு அண்ணன் செஸ்னா 150, அமெரிக்காவில் 1958-ல் உற்பத்திக்கு வந்தது. இரண்டும் சேர்த்து முப்பதாயிரத்துக்கும் மேல் தயாரானவை. 1985-ல் உற்பத்தி நின்றுவிட்டது. ஆனாலும் உலகம் முழுக்க இன்னும் பிள்ளைகளுக்குப் பறக்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருக்கின்றன.

செஸ்னா 152 எவ்வளவு பெரியது தெரியுமா? காலி எடை சுமார் 490 கிலோ. நம் பழைய மாருதி 800-ஐவிடக் குறைவு. 110 குதிரைத்திறன் எஞ்சின். உள்ளே அகலம் ஒரு மீட்டர்தான். மாணவரும் பயிற்சியாளரும் தோளோடு தோள் உரசிக்கொண்டுதான் உட்கார வேண்டும். ஏசி கிடையாது. மே மாதத்து மதியத்தில் சட்டை முதுகில் ஒட்டிக்கொள்ளும். வெயிலில் காற்றின் அடர்த்தி குறைவதால் விமானமும் மெதுவாகத்தான் மேலே ஏறும்.

இதில் என்ன அருமை என்று கேட்பீர்கள். இந்த விமானத்தில் எதுவும் மறைவாக இல்லை என்பதுதான் அருமை.

காலையில் முதல் வேலை, விமானத்தைச் சுற்றி வந்து கையால் தொட்டுப் பார்ப்பது. இறக்கைக்கு அடியில் இருக்கும் சிறு வால்வைத் திறந்து, கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் பெட்ரோல் பிடிப்போம். விமான பெட்ரோல் நீல நிறம். தண்ணீர் கலந்திருந்தால் அது கனம் அதிகமானதால் அடியில் தங்கி, தனியாகத் தெரியும். பெட்ரோல் டேங்க் இரண்டும் மேலே இறக்கைக்குள் இருப்பதால், எரிபொருள் தானாகவே எஞ்சினுக்கு இறங்கி வரும். நம் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து குழாய்க்குத் தண்ணீர் வருவதைப் போலத்தான்.

இடது இறக்கையின் முன்விளிம்பில் ஒரு சின்னத் துளை உண்டு. வேகம் அபாயகரமாகக் குறைந்தால் அந்தத் துளை வழியே காற்று உறிஞ்சப்பட்டு, உள்ளே ஒரு சீழ்க்கை மவுத்ஆர்கன் மாதிரி ஊளையிடும். மின்சாரமே தேவையில்லை. அது வேலை செய்கிறதா என்று பார்க்க, துளைமேல் சுத்தமான கைக்குட்டையை வைத்து வாயால் உறிஞ்ச வேண்டும். கேலி இல்லை, கையேட்டிலேயே இப்படித்தான் போட்டிருக்கிறது.

அந்த ஊளைக்குக் காரணமானதை 'ஸ்டால்' என்போம். எஞ்சின் நிற்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மூக்கை அளவுக்கு மீறித் தூக்கினால், இறக்கையின் மேல் காற்று ஒழுங்காக ஓடாமல், தாங்கும் சக்தி சரிந்துவிடும். விமானம் கீழே போகும்போது மனிதனுக்கு இயல்பாக வருவது, இன்னும் மேலே இழுப்பது. செய்ய வேண்டியது நேர் எதிர்: மூக்கை இறக்க வேண்டும். இதைப் புத்தகத்தில் படித்தால் ஐந்து நிமிடம். கைக்குப் பழக, போதிய உயரத்துக்குப் போய், பயிற்சியாளர் பக்கத்தில் இருக்க, திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும்.

2009 ஜூன் 1-ஆம் தேதி, ரியோவிலிருந்து பாரிஸ் சென்ற ஏர் பிரான்ஸ் 447 அட்லாண்டிக் கடலில் விழுந்து 228 பேர் இறந்தார்கள். வேகத்தை அளக்கும் குழாய்களில் பனி அடைத்து, ஆட்டோபைலட் விலகிக்கொண்டது. நள்ளிரவு, குழப்பமான கருவிகள், ஸ்டால் எச்சரிக்கை பலமுறை ஒலித்தது. ஆனாலும் மூக்கை இறக்கி மீட்க முடியவில்லை. கையால் ஓட்டும் பயிற்சியைக் கூட்ட வேண்டும் என்று விசாரணையாளர்கள் பரிந்துரைத்தார்கள்.

எதிர்ப்பக்கமும் உண்டு. 1983-ல் கனடாவில் ஒரு போயிங் 767, நடுவானில் எரிபொருள் தீர்ந்து, எஞ்சின்கள் இரண்டும் நின்றுபோனது. கேப்டன் ராபர்ட் பியர்சன் எஞ்சினில்லா கிளைடர் ஓட்டிப் பழகியவர். விமானத்தைப் பக்கவாட்டில் சரித்து உயரத்தைக் குறைக்கும் வித்தையை அந்தப் பெரிய விமானத்தில் செய்து, கிம்லி என்ற ஊரின் பழைய ஓடுபாதையில் இறக்கினார். ஒருவரும் இறக்கவில்லை. 2009 ஜனவரியில் ஹட்சன் ஆற்றில் 155 பேரோடு பத்திரமாக இறக்கிய சல்லன்பெர்கரும், 16 வயதில் ஏரோங்கா என்ற இரண்டு இருக்கை விமானத்தில் கற்றவர்தான். நம் புஷ்பக் அதே ஏரோங்கா குடும்பத்து வடிவமைப்பைத் தழுவியது என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை.

இனி எல்லா விமானியும் மறக்காத நாள்: முதல் தனிப் பயணம். பயிற்சியாளர் ஒருநாள் எதிர்பாராமல் இறங்கி, கதவைச் சாத்திவிட்டு, "ஒரு சுற்று போய்ட்டு வாப்பா" என்பார். அவர் எடை இல்லாததால் விமானம் சட்டென்று எழும்பும். வலது இருக்கை காலி. கேட்க ஆளில்லை, இறக்கியே ஆக வேண்டும். மொத்தம் ஆறேழு நிமிடம்தான். ஆனால் இறங்கி வரும் பிள்ளை, போன பிள்ளையாக இருக்காது. அமெரிக்காவில் அன்று மாணவரின் சட்டைப் பின்பகுதியை வெட்டி மாட்டிவைப்பார்கள். அந்தக் கால விமானத்தில் மாணவர் முன்னால், பயிற்சியாளர் பின்னால். சட்டையைப் பிடித்து இழுத்துத்தான் சொல்லித்தருவார்களாம். இனி இழுக்கத் தேவையில்லை என்று பொருள்.

ஆகவே பெற்றோருக்கு என் பதில் இது. அனுப்பலாம். ஆனால் பணம் கட்டும் முன் மருத்துவப் பரிசோதனையை முடித்துவிடுங்கள். நிறம் பிரித்தறிவதில் குறை இருப்பது பலருக்கு அப்போதுதான் தெரியவருகிறது. வணிக உரிமத்துக்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். "எத்தனை மாதத்தில் முடியும்?" என்று மட்டும் கேட்காதீர்கள். "எத்தனை விமானம் பறக்கும் நிலையில் இருக்கிறது, ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை மாணவர்?" என்று கேளுங்கள். கடன் வாங்கிக் கட்டும் பணம், விமானம் பழுது என்று காத்திருப்பதிலேயே கரைந்துவிடக் கூடாது.

பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. சிறிய விமானத்தைச் சீக்கிரம் தாண்டிப் போக வேண்டிய படியாக நினைக்காதீர்கள். பிற்காலத்தில் முந்நூறு பேர் உங்களை நம்பிப் பின்னால் தூங்கும்போது, கைக்கு நினைவு வர வேண்டியது அங்கே கற்றதுதான்.

சந்தேகம் இருந்தால் தயங்காமல் என் வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.