கருவி பொருத்தினால் மட்டும் போதுமா?

  

காது மந்தமான குழந்தைக்குக் கேட்கும் கருவி ஒன்றை வாங்கிக் கொடுத்துவிட்டால் நம் கடமை முடிந்தது என்று எண்ணுவோர் நம்மிடையே பலர் உள்ளனர். கருவியை மாட்டிய பின்னரும் குழந்தைக்குப் பேச்சு சரிவர வரவில்லையென்றால், "இதற்குமேல் நாம் என்ன செய்வது?" என்று மனம் தளர்ந்துவிடுகிறோம். சில வேளைகளில் பிள்ளை சோம்பேறி என்றும், பிடிவாதக்காரன் என்றும் கடிந்துகொள்கிறோம். குறை பிள்ளையிடம் இல்லாமல், கருவி அமைக்கப்பட்ட முறையில் இருக்கக்கூடும் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. அதைப் பற்றியே இன்று சில செய்திகளை உங்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

கேட்பது வேறு, விளங்குவது வேறு

நம் பேச்சில் உள்ள ஒலிகள் யாவும் ஒரே தன்மை உடையவை அல்ல. ஆ, ஊ, ஓ போன்ற உயிரொலிகள் வலிமை மிக்கவை. அவற்றின் வலிமையில் பெரும்பகுதி தாழ்ந்த சுருதியில் அடங்கியிருக்கிறது. மெய்யொலிகள் பல மெலிந்தவை. அவற்றிலும் ஸ், ஷ் போன்றவை மிக உயர்ந்த சுருதியில் எழுபவை. ஆனால் ஒரு சொல்லை மற்றொரு சொல்லிலிருந்து பிரித்துக் காட்டும் வேலையைப் பெரும்பாலும் இந்த மெலிந்த ஒலிகளே செய்கின்றன.

கடை, தடை, நடை, படை, மடை, வடை என்னும் ஆறு சொற்களைச் சொல்லிப் பாருங்கள். முதலில் வரும் மெய்யொலி ஒன்றுதான் மாறுகிறது. எஞ்சியவை யாவும் ஒன்றே. அந்த மெய்யொலி காதில் விழாத குழந்தைக்கு ஆறு சொற்களும் ஒரே சொல்லாகத்தான் கேட்கும். பள்ளியில் கற்கும் தேசிய மொழியிலும் இதே நிலைதான். அரிசியைக் குறிக்கும் 'பெராஸ்' என்ற சொல்லுக்கும், பாரத்தைக் குறிக்கும் 'பெராட்' என்ற சொல்லுக்கும் இறுதி ஒலியில்தான் வேறுபாடு உள்ளது.

இதனால்தான் இத்தகைய குழந்தை கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறது. சொன்ன வேலையைச் செய்யத் தவறுகிறது. கூப்பிட்ட குரல் கேட்டது. சொன்ன சொல் விளங்கவில்லை. அது பிடிவாதம் அன்று.

பெரியவர்களுக்கு ஒரு வசதி உண்டு. மொழியை முன்பே கற்றுவிட்டதால், பாதிச் சொல் கேட்டாலும் மீதியை ஊகித்துக் கொள்கிறோம். மொழியை இப்போதுதான் கற்கும் குழந்தைக்கு அவ்வாறு ஊகிக்க இயலாது. கேட்காத ஒலியை அது கற்காது. கற்காத ஒலியைப் பேசவும் பேசாது. எனவே, பெரியவருக்குப் போதுமான கருவி அமைப்பு குழந்தைக்குப் போதாது.

அமெரிக்காவின் ஒமாஹா நகரில் பெட்ரிசியா ஸ்டெல்மகோவிச் என்ற அறிஞரும் அவருடைய குழுவினரும் 2001-ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஆணின் 'ஸ்' ஒலியைவிடப் பெண்ணின் 'ஸ்' ஒலி உயர்ந்த சுருதியில் எழுவதால், அதனைக் குழந்தைகள் தெளிவாக அறிய 9,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகள் தேவைப்படுகின்றன என்று அவர்கள் கண்டனர். பழைய கருவிகள் பல 5,000 ஹெர்ட்ஸ் அளவிலேயே நின்றுவிடுபவை. குழந்தை மிகுதியாகக் கேட்கும் குரல் தாயின் குரலே என்பதை எண்ணும்போது, இது எத்தகைய இழப்பு என்பது நமக்குப் புலனாகும்.

கத்தியின் ஆழம்போல

பால்மரம் வெட்டுவோர் ஓர் உண்மையை நன்கறிவர். கத்தி போதிய ஆழம் இறங்காவிட்டால் பால் குறையும். அளவுக்கு மீறி இறங்கினால் மரம் காயப்படும். கேட்கும் கருவியும் அவ்வாறே. ஒலியைப் போதிய அளவு உயர்த்தாவிட்டால் பேச்சு விளங்காது. அளவுக்கு மீறி உயர்த்தினால் குழந்தை வேதனைப்படும், எஞ்சியுள்ள கேட்கும் திறனுக்கும் தீங்கு நேரலாம். ஒரே கத்தியைக் கொண்டு மரத்திற்கு மரம் கைப்பக்குவம் பார்ப்பதுபோல, ஒரே வகைக் கருவியாயினும் காதுக்குக் காது அதன் அமைப்பை மாற்ற வேண்டியிருக்கிறது.

1996-ஆம் ஆண்டுக்குப் பின் முழுமையான இலக்கமுறைக் கருவிகள் சந்தைக்கு வந்தன. இவற்றைக் கணினியுடன் இணைத்து, எந்தச் சுருதியில் எவ்வளவு ஒலி வேண்டும் என்று தனித்தனியே அமைக்கலாம். அவ்வாறு அமைப்பவர் செவித்திறன் வல்லுநர் ஆவார். அவர் கவனிக்க வேண்டியவை முக்கியமாக மூன்று.

முதலாவது, ஒவ்வொரு சுருதியிலும் ஒலியை எவ்வளவு உயர்த்துவது என்பது. குழந்தையின் காது எந்தச் சுருதியில் எவ்வளவு குறைந்துள்ளதோ அதற்கேற்ப இது வேறுபடும்.

இரண்டாவது, மெல்லிய ஒலிக்கும் பெரிய ஒலிக்கும் வேறுபாடு காட்டுவது. இரகசியப் பேச்சு ஏறத்தாழ 30 டெசிபல் அளவினது. சாதாரண உரையாடல் 60 டெசிபலுக்குச் சற்று மேற்பட்டது. உட்காது பழுதுற்ற குழந்தைக்கு மெல்லிய ஒலி கேட்பதில்லை. ஆனால் பெரிய ஒலி நமக்கு எவ்வாறு உறைக்கிறதோ அவ்வாறே அதற்கும் உறைக்கிறது. எல்லா ஒலிகளையும் ஒரே அளவில் உயர்த்தினால், தட்டு விழும் ஓசை கேட்டுக் குழந்தை அலறும். கருவியைப் பிடுங்கி எறியும். ஆகையால் மெல்லிய ஒலியை மிகுதியாகவும், பெரிய ஒலியைக் குறைவாகவும் உயர்த்துமாறு கருவியை அமைக்கின்றனர்.

மூன்றாவது, எவ்வளவு பெரிய ஒலி வந்தாலும் கருவி தாண்டக்கூடாத உச்ச எல்லை. இஃது அளவுக்கு மீறி உயர்ந்திருந்தாலும், அளவுக்கு மீறித் தாழ்ந்திருந்தாலும் கேடுதான்.

இம்மூன்றையும் கணக்கிடுவதற்கு உலகம் ஏற்றுக்கொண்ட இரண்டு வாய்பாடுகள் உள்ளன. ஒன்று ஆஸ்திரேலியாவிலும் மற்றொன்று கனடாவிலும் உருவானவை. இவற்றுள் எது சிறந்தது என்பதைக் கண்டறிய, 2002 முதல் 2007 வரை பிறந்த ஆஸ்திரேலியக் குழந்தைகளைப் பல்லாண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தனர். மொழித் திறனில் இரு வாய்பாடுகளுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. சிறு வயதிலேயே கருவி பொருத்தப்பெற்ற குழந்தைகள்தாம் முன்னேறினர். எனவே, எந்த வாய்பாடு என்பதைக் காட்டிலும், அந்த வாய்பாட்டின்படி கருவி உண்மையிலேயே அமைந்துள்ளதா என்பதே முக்கியம்.

அளந்து பார்த்தார்களா?

குழந்தையின் காதுத் துளை சிறியது. பெரியவர் காதில் ஒரு கருவி எழுப்பும் ஒலியைவிட, சிறிய காதில் அதே கருவி எழுப்பும் ஒலி வலிமை மிக்கதாகிறது. ஆதலால் கணினித் திரையில் தோன்றும் கணக்கை மட்டும் நம்பி அமைக்கக்கூடாது. மெல்லிய குழாய் ஒன்றைக் காதுக்குள் செலுத்தி, அங்கே சேரும் ஒலியை நேரில் அளக்க வேண்டும். இதில் வலி எதுவும் இல்லை.

2013-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ரயன் மெக்ரீரி என்பவரும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட ஆய்வில், கருவி அணிந்த குழந்தைகளில் பாதிக்கு மேற்பட்டோருக்கு, குறைந்தது ஒரு காதிலாவது கருவி உரிய அளவிலிருந்து விலகியிருந்தது தெரியவந்தது. வசதி மிக்க நாட்டிலேயே இந்நிலை என்றால், நாம் எவ்வளவு விழிப்பாக இருக்க வேண்டும்! "என் பிள்ளையின் காதில் அளந்து பார்த்துத்தான் அமைத்தீர்களா, ஐயா?" என்று கேட்பது பெற்றோரின் உரிமை. நல்ல வல்லுநர் அதனைத் தவறாக எண்ணமாட்டார்.

குழந்தை வளர வளரக் காதும் வளர்கிறது. காதுக்குள் பொருந்தும் அச்சு தளர்கிறது. கருவி விசில் அடிக்கத் தொடங்குகிறது. அச்சத்தம் பொறுக்காமல் நம்மிற் சிலர் ஒலியைக் குறைத்துவிடுகிறோம். விசில் நிற்கும், ஆனால் மெல்லிய மெய்யொலிகளும் அதனோடு மறைந்துபோகும். செய்ய வேண்டியது ஒலியைக் குறைப்பதன்று, புதிய அச்சு எடுப்பதே ஆகும். முதல் இரண்டு ஆண்டுகளில் ஏறத்தாழ மூன்று மாதத்திற்கு ஒருமுறை குழந்தையை மீண்டும் காட்டி, அமைப்பைச் சரிபார்த்தல் வேண்டும்.

இரைச்சலும் தொலைவும்

கருவி எவ்வளவு சிறந்ததாயினும் தொலைவை வெல்வது கடினம். திறந்த வெளியில் தொலைவு இருமடங்கு ஆகும்போது ஒலி 6 டெசிபல் குறைகிறது. கடைசி வரிசையில் அமர்ந்த பிள்ளைக்கு ஆசிரியரின் குரலைவிட அருகில் உள்ள மின்விசிறியின் ஓசையே முந்தி வரும். வகுப்பறையில் ஆசிரியரின் குரல் இரைச்சலைக் காட்டிலும் 15 டெசிபலாவது உயர்ந்திருக்க வேண்டும் என்பது வல்லுநர்கள் கூறும் அளவாகும்.

இரைச்சலைத் தணிக்கும் அமைப்புகள் புதிய கருவிகளில் உள்ளன. இவை கேட்பதைச் சுகமாக்குகின்றன. ஆனால் இவற்றால் மட்டும் பேச்சு அதிகம் விளங்கிவிடுவதில்லை. முன்னால் நிற்பவரின் குரலை மட்டும் வாங்கும் அமைப்பும் உண்டு. அது சில வேளைகளில் உதவும். ஆனால் சிறு குழந்தை, பெரியவர்கள் தம்முள் பேசிக்கொள்வதைப் பக்கத்திலிருந்து கேட்டும் மொழியைக் கற்கிறது. அதனால் அந்த அமைப்பை எப்பொழுதும் இயக்கிவைப்பது ஏற்றதன்று. ஆசிரியர் தம் சட்டையில் அணியும் சிறு ஒலிவாங்கி, அவர் குரலை நேரே கருவிக்கு அனுப்பும். அது கிட்டாதபோது, பிள்ளையை முதல் வரிசையில் அமர்த்துமாறு ஆசிரியரைக் கேட்டுக்கொள்வோம். அதற்குச் செலவில்லை.

வீட்டிலேயே செய்யும் சோதனை

டேனியல் லிங் என்ற அறிஞர் எளிய சோதனை ஒன்றை வகுத்துத் தந்துள்ளார். அதற்கு எந்தச் சாதனமும் வேண்டா. ம், ஊ, ஆ, ஈ, ஷ், ஸ் ஆகிய ஆறு ஒலிகளே போதும். தாழ்ந்த சுருதி முதல் உயர்ந்த சுருதி வரை பேச்சொலிகள் அனைத்தையும் இவை தழுவி நிற்கின்றன.

காலையில் கருவியை மாட்டியதும், குழந்தை உங்கள் வாயசைவைக் காணாதவாறு பின்னால் நின்றுகொள்ளுங்கள். ஒவ்வோர் ஒலியையும் சாதாரணக் குரலில் சொல்லுங்கள். வரிசையை நாள்தோறும் மாற்றுங்கள். சிறு குழந்தையானால் கேட்டதும் கை தட்டட்டும். பெரிய பிள்ளையானால் திருப்பிச் சொல்லட்டும். முதலில் ஒரு மீட்டர் தொலைவிலும், பிறகு மூன்று மீட்டர் தொலைவிலும் செய்யுங்கள். ஆறும் கேட்கவில்லையானால் மின்கலம் தீர்ந்திருக்கலாம், அல்லது அச்சில் குறும்பி அடைத்திருக்கலாம். ஷ், ஸ் இரண்டும் மட்டும் கேட்கவில்லையானால், உயர்ந்த சுருதியின் அமைப்பைப் பார்க்க வேண்டும் என்று பொருள். அதனைக் குறித்துவைத்து வல்லுநரிடம் சொல்லுங்கள். நீங்கள் கொண்டுவரும் இந்தக் குறிப்பு அவருக்குப் பெரிதும் உதவும்.

நம் நாட்டின் வெக்கையிலும் ஈரத்திலும் கருவி எளிதில் பழுதாகும். இரவில் அதனை ஈரம் உறிஞ்சும் மணிகள் இட்ட மூடிய பெட்டியில் வையுங்கள். மின்கலத்தைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. பகலில் விழித்திருக்கும் நேரமெல்லாம் குழந்தை கருவியை அணிந்திருக்கட்டும். நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்திற்கு மேல் அணிந்த குழந்தைகளின் மொழி விரைவாக வளர்ந்ததாக 2015-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு கூறுகிறது.

ஒரு நாள் சம்பளம்

"மருத்துவமனைக்குப் போனால் ஒரு நாள் சம்பளம் போகுமே" என்று நீங்கள் எண்ணலாம். அந்த எண்ணம் நியாயமானது. பேருந்துச் செலவும் உண்டு. ஆனால் இழந்த சம்பளத்தை அடுத்த மாதம் ஈடுசெய்யலாம். மூன்று வயதில் கற்க வேண்டிய சொற்களை இழந்த பிள்ளை, பத்து வயதில் அவற்றை அதே எளிமையுடன் பெற்றுவிட இயலாது. குழந்தையின் மூளை மொழியைப் பற்றிக்கொள்ளும் பருவம் நமக்காகக் காத்திருப்பதில்லை.

அருகிலுள்ள அரசாங்கச் சுகாதார நிலையத்தை அணுகினால், செவித்திறன் பிரிவு உள்ள மருத்துவமனைக்கு அனுப்பிவைப்பார்கள். சமூக நல இலாகாவில் குழந்தையை மாற்றுத்திறனாளியாகப் பதிந்து அட்டை பெறுங்கள். வசதி குறைந்தோர் கேட்கும் கருவி வாங்குவதற்கான உதவிக்கும் அவ்விலாகாவில் மனுச் செய்யலாம்.

அன்பர்களே! இழுப்பறையில் ஒரு கருவி உறங்கிக் கிடக்குமானால், அதனை இன்றே வெளியே எடுங்கள். ஆறு ஒலிகளையும் சொல்லிப் பாருங்கள். குழந்தைக்கு எது கேட்கவில்லை என்பதை அறிந்துகொண்டு, அதைச் சரிசெய்யக் கூடியவரிடம் அழைத்துச் செல்லுங்கள். நம் பிள்ளைகள் நம் குரலைக் கேட்பதோடு நின்றுவிடாமல், நாம் சொல்வதையும் விளங்கிக்கொண்டு வளரட்டும்.