சொல் காத்தவர் நாடு காத்தவர்

(திருப்பெரும்புதூர் – ஒரகடம் தொழிலகப் பகுதியில் பணிபுரியும் இளைஞரிடையே நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்துவடிவம்)

 

இப்பகுதியின் சாலைகளில் எழுந்து நிற்கும் பெயர்ப்பலகைகளைச் சற்றே எண்ணிப் பாருங்கள். கொரிய நாட்டின் ஊண்டாய் நிறுவனம் 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் மகிழுந்து செய்யத் தொடங்கியது. சப்பானின் நிசானும் பிரான்சின் இரெனோவும் கூடி 2010-இல் ஒரகடத்தில் தொழிலகம் திறந்தன. செருமனியின் தைம்லர் 2012-இல் அவ்வொரகடத்திலேயே சரக்குந்து செய்யத் தொடங்கியது. ஏரிநீர் பாய்ந்து நெல் விளைந்த இம்மண்ணில் அண்டைவீட்டார் போல் அமர்ந்திருக்கும் இந்நாடுகள், இரண்டாம் உலகப்போரின்போது எவ்வாறு இருந்தன? செருமனி இட்லரின் வல்லாட்சியில் வெறிகொண்டு கிடந்தது. பிரான்சு அச்செருமனியின் காலடியில் வீழ்ந்து கிடந்தது. சப்பான் தன் படைத்தலைவர்களின் பிடியில் இருந்தது. கொரியாவோ அச்சப்பானின் அடிமையாய் இருந்தது.

ஆண்டவனும் அடிமையும் இன்று ஒரே சாலையில் கடை விரித்துள்ளனர். பகையை மறப்பது பண்பாடு, மறக்கட்டும். ஆனால், பட்டதை மறக்கலாமா? பட்டதை மறவாதிருக்க அந்நாடுகள் கைக்கொண்ட கருவிகளுள் ஒன்று திரைப்படம். அக்கருவியைத் தமிழர் கையாண்டது எப்படி, கொரியர் கையாண்டது எப்படி என்று ஒப்பிட்டுக் காண்பதே இவ்வுரையின் நோக்கம்.

முதலில் தமிழ்ப்படம். 1945-இல் 'பர்மா ராணி' என்றொரு படம் வெளிவந்தது. சேலம் மாடர்ன் தியேட்டர்சு நிறுவனத்தைக் கட்டியெழுப்பிய திருச்செங்கோட்டுச் சுந்தரம் அதனை இயக்கினார். கே.எல்.வி. வசந்தாவும் ஒன்னப்ப பாகவதரும் நடித்தனர். சப்பானியர் பிடியிலிருந்த பர்மாவிற்குள் வானூர்தியில் சென்ற இந்தியப் படைவீரர்கள் பகைவர் நடுவே சிக்குகின்றனர். இராணி என்னும் மங்கை அவர்களுக்குத் துணைநின்று சப்பானியரை ஏய்க்கிறாள். வேவும் சூழ்ச்சியும் தப்பியோட்டமுமாய்க் காண்போர் நெஞ்சம் படபடக்கும் கதை. கொடுங்கோன்மையை எதிர்த்த போர்க்காலக் கதையைத் தமிழர் அக்காலத்திலேயே படமாக்கினர் என்பது உண்மை.

ஆனால், அப்படம் எவர் விருப்பால் பிறந்தது? போர்க்காலத்தில் படச்சுருள் தட்டுப்பாடாயிற்று. எந்தப் படமும் 11,000 அடிக்கு மிகலாகாது என்று ஆங்கில அரசு வரம்பு கட்டியது. ஏறத்தாழ இரண்டு மணி நேரத்திற்குமேல் ஒரு படம் ஓட முடியாது என்பது அதன் பொருள். 1943 முதல் உரிமம் பெற்றவர்க்கே சுருள் என்றாயிற்று. சுருள் அரசின் கையில். படமெடுப்போர் பிழைப்பு அச்சுருளில். போருக்குத் துணையான படங்களை எடுங்கள் என்று அவ்வரசு கேட்டபோது மறுப்பவர் யார்? அவ்வகையில் 1945-இல் வந்தனவே 'பர்மா ராணி'யும், கே. சுப்பிரமணியம் இயக்கிய 'மானசம்ரட்சணம்' என்னும் படமும். 'மானங்காத்தல்' என்று பெயரிட்டிருந்தால் தமிழ்த்தாய்மார்க்கு விளங்காதோ? அது கிடக்கட்டும். இதே சுப்பிரமணியம் 1939-இல் எடுத்த 'தியாகபூமி' என்னும் விடுதலைப் படத்தைத் தடைசெய்ததும் அதே ஆங்கில அரசுதான்! தன்னை எதிர்த்தால் தடை. தன் பகைவனை எதிர்த்தால் சுருள். இதுவே அவ்வரசின் முறை.

சப்பானியர் கொடுமை பொய்யன்று. 1941 திசம்பரில் இரங்கூன்மேல் குண்டு விழுந்தது. 1942 மார்ச்சில் அந்நகர் வீழ்ந்தது. 1942 ஏப்பிரலில் சப்பான் படை வந்துவிடும் என்று அஞ்சிச் சென்னை மக்கள் மூட்டைமுடிச்சுகளுடன் ஊரைவிட்டு வெளியேறினர். 1943 அக்டோபரில் சென்னையின்மீதே சப்பானிய வானூர்தி குண்டு வீசியது. எனவே படத்தில் காட்டிய பகை உண்மைப் பகையே. குறை எங்கே உள்ளது? காட்டியதில் இல்லை, காட்டாது விட்டதில் உள்ளது. பர்மாவை விடுவிக்கப் போராடுவதாகக் கூறிய ஆங்கிலேயன், 1942 ஆகத்து முதல் இந்திய விடுதலைத் தலைவர்களைச் சிறையில் அடைத்து வைத்திருந்தான். அச்செய்தியைத் திரை காட்டுமா? பர்மாவிலிருந்து ஏறத்தாழ 5 இலக்கம் இந்தியர் காடும் மலையும் கடந்து நடந்தனர். அவருள் தமிழர் பல்லாயிரவர். பசியாலும் நோயாலும் வழியிலேயே மடிந்தோர் எண்ணிலர். அந்நடையின் கண்ணீரை ஆங்கிலேயன் தந்த சுருள் பதிவு செய்யுமா?

இன்னும் கேளுங்கள். சயாமையும் பர்மாவையும் இணைக்கச் சப்பானியர் 415 கிலோமீட்டர் தொடர்வண்டிப் பாதை அமைத்தனர். 1942-இல் தொடங்கி 1943-இல் முடித்தனர். ஏறத்தாழ 60,000 வெள்ளைப் போர்க்கைதிகள் அங்கு வேலை வாங்கப்பட்டனர். 12,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஆசியக் கூலியாட்களின் சாவு அதனினும் பன்மடங்கு. அவருள் மலேயாத் தோட்டங்களிலிருந்து இழுத்துச் செல்லப்பட்ட தமிழர் மிகப்பலர். 1957-இல் ஆங்கிலேயர் இப்பாதையைப் பற்றி 'குவாய் ஆற்றுப் பாலம்' என்னும் பெரும்படம் எடுத்தனர். அது படமாக்கப்பட்ட இடம் இலங்கையின் கித்துள்கலை. தமிழ்த் தோட்டத் தொழிலாளர் வாழும் மலைநாட்டின் அருகே நின்று எடுத்த அப்படத்தில், பாதையில் மடிந்த தமிழன் கதைமாந்தனாக வரவில்லை. வெள்ளையரின் மானமும் மறமுமே பேசப்பட்டன. அவர்கள்மேல் சினந்து பயனில்லை. அவரவர் பிணத்திற்கு அவரவர் அழுதனர். தமிழன் பிணத்திற்குத் தமிழனன்றோ அழவேண்டும்? மலேசிய எழுத்தாளர் ஆர். சண்முகம் 'சயாம் மரண ரயில்' என்னும் புதினத்தால் அக்கடனை ஆற்றினார். இங்கிருப்போருள் அதனைப் படித்தவர் எத்தனைபேர்?

இனிக் கொரியப் படம். 2019-இல் ஓம் யூ-நா என்னும் பெண் இயக்குநர் 'மல்மோய்' என்னும் படத்தை எடுத்தார். அப்பெயர்க்குச் 'சொற்றிரட்டு' என்பது பொருள். அகரமுதலிக்குக் கொரியர் இட்ட தூய கொரியச் சொல் அது! 1910 முதல் 1945 வரை கொரியாவைச் சப்பான் ஆண்டது. 1938-க்குப் பின் பள்ளிகளிலிருந்து கொரிய மொழியைப் படிப்படியாய் வெளியேற்றியது. 1940-இல் சப்பானியப் பெயர் சூட்டிக்கொள்ளுமாறு மக்களை நெருக்கியது. அந்நிலையில் மறைவாக அகரமுதலி தொகுத்த அறிஞர்களின் கதையே அப்படம்.

கதைத்தலைவன் பான்-சு எழுத்தறியாதவன், சிறை மீண்டவன், மகன் பள்ளிக் கட்டணத்திற்காகப் பை திருடுபவன். அவன் திருடிய பையில் இருந்தவை அகரமுதலித் தாள்கள். பின்னர் அவ்வறிஞரிடமே ஏவலனாய்ச் சேர்கிறான், எழுத்துக் கற்கிறான், தன் பழைய சிறைத்தோழர்களை அழைத்து வந்து, அவரவர் ஊர்வழக்குச் சொற்களைச் சொல்லச் செய்கிறான். பட்டம் பெற்றவர் திரட்ட இயலாததைப் பாமரர் கொட்டித் தருகின்றனர். இறுதியில் காவலர் துரத்த, கையெழுத்துப் படியைக் காத்துவிட்டுத் தான் உயிர் துறக்கிறான்.

பான்-சு கற்பனை மாந்தன்தான். ஆனால் கதையின் அடித்தளம் கற்பனையன்று. 1942 அக்டோபரில் கொரிய மொழிக் கழகத்தார் சிறைபிடிக்கப்பட்டனர். இ யூன்-சே, ஆன் சிங் என்னும் இரண்டு அறிஞர்கள் சிறையிலேயே மாண்டனர். பறிபோன கையெழுத்துப் படி, 20,000-க்கும் மேற்பட்ட தாள்கள், விடுதலைக்குப் பின் 1945 செப்டம்பரில் சியோல் தொடர்வண்டி நிலையச் சரக்கறையில் கிடைத்தது. 1947 முதல் 1957 வரை ஆறு மடலங்களாய் அச்சேறியது.

படைக்கருவியே இல்லாத சொற்றொகுப்பாளரைப் பேரரசு ஏன் அஞ்சியது? கொடுங்கோலுக்கு முதற்பகை சொல்தான். தனக்கென ஒரு பெயரும், தன் துயரைக் கூறத் தன் சொல்லும் உடையவனை முழுதும் அடிமையாக்க இயலாது. தமிழர்க்கு இது புதிதன்று. 1938-இல் பள்ளிகளில் இந்தி கட்டாயமாக்கப்பட்டபோது மறியல் செய்து சிறைசென்ற நடராசனும் தாளமுத்துவும் 1939-இல் சிறைக்காவலில் இருக்கையிலேயே மாண்டனர். அவ்வாணை 1940 பிப்பிரவரியில் மீட்டுக்கொள்ளப்பட்டது. சப்பானியப் படையாட்சியும் அன்றைய சென்னை மாகாண ஆட்சியும் ஒன்றென்று கூறுதல் முறையாகாது. கொடுமையின் அளவு வேறு. ஆயினும் மொழிக்காகச் சிறையில் அங்கே இரண்டுயிர், இங்கே இரண்டுயிர். அவ்விருவர்க்கும் கொரியர் திரையில் விளக்கேற்றினர். இவ்விருவர் பெயரைத் தமிழ்ப்பிள்ளைகள் எத்தனைபேர் அறிவர்?

ஒரு செய்தியைக் கூர்ந்து நோக்குக. மாடர்ன் தியேட்டர்சு 1951-இல் எடுத்த மற்றொரு படத்தின் பெயர் 'சர்வாதிகாரி'. வல்லாட்சி செய்வோனைக் குறிக்க அயற்சொல் வேண்டுமா? 'கொடுங்கோன்மை' என்று ஓர் அதிகாரத்திற்கே பெயரிட்டு, அதன் அருகிலேயே 'செங்கோன்மை'யையும் வைத்தார் வள்ளுவர். கோல் நேராயின் செங்கோல், வளைந்தால் கொடுங்கோல். ஆள்பவனை அளக்கும் அளவுகோல் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. அச்சொல்லை இழந்தவன் அவ்வளவுகோலையும் இழக்கிறான்.

இளந்தோழர்களே! தமிழுக்கு அகரமுதலிப் பணி நடவாமல் இல்லை. 1974-இல் தமிழக அரசு தொடங்கிய சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்திற்குப் பாவாணர் இயக்குநராய் அமர்ந்தார். 1981 சனவரியில் மறையும்வரை அதற்கே உழைத்தார். முதல் மடலம் 1985-இல்தான் வெளிவந்தது. அதைக் காண அவர் இல்லை. ஆனால் அறிஞர் பணி அறையோடு நிற்பது. பான்-சுவின் பணியைச் செய்ய வேண்டியவர் நீங்கள். நெல்லையும் மதுரையும் தஞ்சையும் கொங்கும் இத்தொழிலக வாயிலில் ஒன்றாய் நிற்கின்றன. இம்மாவட்டத்தார் ஏரி என்பதை மதுரையார் கண்மாய் என்பர். நெல்லையார் குளம் என்பர். திருப்புளி, மரை, அரம், கடைசல், வார்ப்பு என்று பட்டறைத் தமிழ் இன்னும் உயிரோடிருக்கிறது. இடைவேளையில் ஒவ்வொருவரும் தத்தம் ஊர்ச் சொல்லை ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். வீட்டில் பர்மாவிலிருந்தோ மலேயாவிலிருந்தோ மீண்ட முதியோர் இருப்பின், அவர் வாய்மொழியையும் அவர் சொன்னபடியே எழுதி வையுங்கள். அவர்கள் போனபின் கேட்க ஆளிராது.

சப்பானியன் தொழிலகத்தில் பணி செய்வது இழிவன்று. கொரியனிடம் தொழில் கற்பதும் இழிவன்று. கொரியனிடம் மகிழுந்து செய்யக் கற்ற தமிழன், தன் மொழியைத் தான் காக்கும் திறத்தையும் அவனிடம் கற்கட்டும். பிறன் தந்த சுருளில் தன் கதையைத் தேடாமல், தன் கதையைத் தன் சொல்லால் தானே எழுதட்டும். சொல்லைக் காத்தவரே நாட்டைக் காத்தவர்!

வெல்க தமிழ்!