ஜெயிக்கமாட்டார் என்று கணக்குப் போட்டது யார்?



எளியவர் ஒருவர் பெரிய புள்ளியை எதிர்த்துத் தேர்தலுக்கு நின்றால், “இவராவது ஜெயிப்பதாவது!” என்று சொல்லிவிடுவது உலகத்தில் எங்கும் வழக்கமாயிருக்கிறது. இது கணக்குப் பார்த்துச் சொல்லுவதா அல்லது வெறும் நம்பிக்கையா என்பதை, அமெரிக்காவில் 2018-ல் நடந்த ஒரு தேர்தலை வைத்துப் பார்ப்போம்.

அங்கே காங்கிரஸ் என்பது கட்சியல்ல. சட்டம் செய்யும் சபை. அதன் பிரதிநிதிகள் சபைக்கு 435 தொகுதிகள். இரண்டு வருஷத்துக்கொரு முறை தேர்தல். அதற்கு முன்பு, கட்சியின் அபேட்சகர் யார் என்பதைத் தீர்மானிக்க ஒரு முதல் தேர்தல் உண்டு. ஒரே கட்சிக்குப் பலமுள்ள தொகுதியில் இந்த முதல் தேர்தலில் ஜெயித்தவரே அனேகமாய் மெம்பர்.

நியூயார்க் 14-வது தொகுதி அப்படிப்பட்டது. அங்கே மெம்பராயிருந்த ஜோ கிரவுலி 1999 முதல் சபையில் இருந்தவர். டெமாக்ரடிக் கட்சியின் பெரிய தலைவர்களில் ஒருவராயிருந்தவர். 2004-க்குப் பிறகு முதல் தேர்தலில் அவரை எதிர்த்து நிற்கவே ஆளில்லை. 2018-ல் அலெக்ஸாண்ட்ரியா ஒகாஸியோ-கார்டெஸ் என்ற 28 வயதுப் பெண் எதிர்த்து நின்றார். மதுபானம் பரிமாறி ஜீவனம் செய்தவர். கிரவுலி திரட்டிய பணம் 30 லட்சம் டாலருக்கு மேல். இந்தப் பெண் திரட்டியதோ அதில் பத்தில் ஒரு பங்களவே. விவாதக் கூட்டமொன்றுக்குக் கிரவுலி தாம் வராமல் தமக்குப் பதிலாய் வேறொருவரை அனுப்பினார். அவ்வளவு அலட்சியம்!

ஜூன் 26-ல் ஓட்டு எண்ணினார்கள். அந்தப் பெண்ணுக்கு நூற்றுக்குச் சுமார் 57, கிரவுலிக்கு 43.

தோழர்களே! இதில் அதிசயம் என்ன இருக்கிறது? அந்தத் தொகுதியின் ஜனங்கள் சுமார் 7 லட்சம். ஆனால் கட்சியில் பதிவு செய்துகொண்டவர்களுக்குத்தான் முதல் தேர்தலில் ஓட்டு. அவர்களிலும் பெரும்பாலோர் வரவில்லை. விழுந்த ஓட்டு சுமார் 30 ஆயிரமே. ஆகவே ஜெயிப்பதற்கு 7 லட்சம் பேர் வேண்டியதில்லை. 15 ஆயிரத்துக்குச் சற்று மேல் போதும். வீடு வீடாய்ப் போனவர்களுக்கு இது எட்டாத தொகையா?

இது ஒரு கொள்கைக்காரருக்கு மட்டும் கிடைத்த வெற்றி என்றும் நினைக்காதீர்கள். 2014-ல் வர்ஜீனியாவில், எதிர்க்கொள்கைக்காரரான ரிபப்ளிகன் கட்சியில், சபையின் பெரும்பான்மைக் கட்சித் தலைவரான எரிக் கேன்டரை டேவ் பிராட் என்ற கல்லூரி ஆசிரியர் தோற்கடித்தார். அங்கும் பணம் ஒரு பக்கம், ஓட்டு மறுபக்கம்!

இதனால் எளியவர் எல்லோரும் ஜெயித்துவிடுவார் என்று நான் சொல்லவரவில்லை. அப்படிச் சொன்னால் அதுவும் ஒரு மூடநம்பிக்கையே. அங்கே மறுபடி நிற்கும் பழைய மெம்பர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் ஜெயித்தே வருகிறார்கள். பணமும் பழக்கமும் பெரிய பலந்தான். ஆனால் மற்றொரு பலமும் அவர்களுக்கு உண்டு. அது “எப்படியும் அவர்தான் ஜெயிப்பார்” என்று எண்ணி வீட்டிலேயே இருந்துவிடுகிறவன் இனாமாய்க் கொடுக்கும் பலம். பணத்தை நாம் பிடுங்க முடியாது. இதைக் கொடுக்காமலிருக்க முடியும்.

ஆகவே, யாராவது உங்களிடம் வந்து “அவர் ஜெயிக்கமாட்டார்” என்று சொன்னால், “எத்தனை ஓட்டு? எத்தனை பேர் வருவார்கள்? எத்தனை வீடு போனீர்கள்?” என்று கேளுங்கள். பதில் இல்லையானால், அவர் சொன்னது ஜோசியம், கணக்கல்ல.