'அனைவருக்கும் இலவசம்' என்று எழுதினால் போதுமா?

(தூத்துக்குடியில் மாணவர்களும் இளைஞர்களும் கூடிய வாசிப்பு வட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



சாதி ஒழிப்பு இலக்கியத்தை இணையத்தில் எப்படிக் கொண்டுசேர்ப்பது என்று பேசச் சொன்னார்கள். அறிவுரை சொல்லும் தகுதி எனக்கில்லை. நாங்கள் செய்த ஒரு தவறைச் சொல்கிறேன். அதிலிருந்து பேசலாம்.

முனைவர் பட்ட ஆய்வு செய்யும் நண்பர்கள் சிலர் சேர்ந்து ஒரு பாடத்தளம் நடத்துகிறோம். இடஒதுக்கீட்டு வரலாறு, அரசமைப்புச் சட்டம், பழைய இதழ்கள், போட்டித் தேர்வுக் குறிப்புகள் எல்லாம் அதில் உண்டு. முகப்பில் பெரிய எழுத்தில் 'அனைவருக்கும் இலவசம்' என்று போட்டிருந்தோம். எங்களுக்கு அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

ஒரு நாள் இந்தப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி போன் செய்தார். பெற்றோர் இருவரும் உப்பளத் தொழிலாளர்கள். தம்பி கல்லூரியில் வரலாறு படிக்கிறார். பார்வையற்றவர். "அக்கா, உங்க தளத்துல பூனா ஒப்பந்தம் பாடம் இருக்குன்னு சொன்னாங்க. தொறந்தா என் போன் ஒண்ணுமே பேச மாட்டேங்குது. ஃபைல் கெட்டுப்போச்சா?" என்று கேட்டார்.

ஃபைல் கெட்டுப்போகவில்லை. புத்தகப் பக்கங்களை ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆக்கிப் போட்டிருந்தோம். நம் கண்ணுக்கு அது எழுத்து, கணினிக்கு அது வெறும் படம். பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் ஸ்கிரீன் ரீடர் எழுத்தை வாசித்துச் சொல்லும். படத்துக்கு முன்னால் ஊமையாகிவிடும். "அப்ப பரீட்சைக்கு எப்படித்தான் படிச்சீங்க?" என்று கேட்டேன். அவருடைய மூத்த சகோதரியும் உப்பளத்தில்தான் வேலை பார்க்கிறார். விடியும் முன்பே எழுந்து போகிறவர், இரவில் உட்கார்ந்து பக்கம் பக்கமாக வாசித்துக் காட்டியிருக்கிறார். நாங்கள் இலவசம் என்று எழுதியதற்கு அந்தப் பெண் தன் தூக்கத்தை விலையாகக் கொடுத்திருக்கிறார்.

அன்று எனக்கு மகத் நினைவுக்கு வந்தது. பொதுக் குளங்களும் கிணறுகளும் எல்லோருக்கும் உரியவை என்று பம்பாய் சட்டசபையில் எஸ்.கே.போலே கொண்டுவந்த தீர்மானம் 1923இல் நிறைவேறியது. மகத் நகராட்சியும் 1924இல் தன் குளத்தைத் திறந்துவிட்டதாக அறிவித்தது. நம் சென்னை மாகாணத்திலும் அதே 1924இல் இரட்டைமலை சீனிவாசன் பொதுச் சாலைகளுக்கும் கிணறுகளுக்கும் தீர்மானம் கொண்டுவந்தார். ஆனால் சவுதார் குளத்தில் தலித் மக்கள் கை வைக்க 1927 மார்ச் 20 வரை, அம்பேத்கர் அவர்களை அழைத்துக்கொண்டு நடக்கும் வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. திறந்திருக்கிறது என்று எழுதுவதும் உள்ளே போக முடிவதும் ஒன்றல்ல என்பதை நம் இயக்கத்தைவிட நன்றாக அறிந்தவர்கள் யார்? அந்த நாம்தான் முகப்பில் எழுதி வைத்துவிட்டுத் திருப்தியாக இருந்தோம்.

தீண்டாமையையும் இதையும் ஒன்றாக்குகிறாயா என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. தீண்டாமை திட்டமிட்டுக் கட்டி, சாத்திரம் சொல்லிக் காத்த ஒடுக்குமுறை. எங்களுடையது கவனமின்மை. ஆனால் வெளியே நிற்பவருக்குக் கதவை யார் எந்த நோக்கத்தில் சாத்தினார்கள் என்பதால் பெரிய வித்தியாசம் இல்லை.

அடுத்து, எங்கள் குழுவுக்குள்ளேயே ஒருவர் கேட்டார்: "பார்வையற்றவர்கள் எத்தனை பேர் நம் தளத்துக்கு வருகிறார்கள்?" இந்தக் கேள்வியை எங்கோ கேட்டிருக்கிறோம் அல்லவா? பல்கலைக்கழக நேர்காணல்களில் எஸ்.சி., எஸ்.டி. இடங்களைக் காலியாக வைத்துவிட்டு 'நாட் ஃபவுண்ட் சூட்டபிள்' என்று எழுதுகிறார்களே, அதே தர்க்கம். உள்ளே வர வழியில்லாமல் வைத்துவிட்டு, வருவதற்கு ஆளில்லை என்பது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மட்டும் மாற்றுத்திறனாளிகள் சுமார் 11.8 லட்சம் பேர்.

இதில் சாதியும் வர்க்கமும் எங்கே வருகின்றன என்பதையும் பார்க்க வேண்டும். வசதியான வீட்டுப் பிள்ளைக்கு விலை உயர்ந்த மென்பொருள் கிடைக்கும். ஆங்கிலம் தெரிந்தால் வாசிக்க எவ்வளவோ கிடைக்கும். தமிழ் மட்டுமே தெரிந்த, முதல் தலைமுறையாகப் படிக்க வந்த பிள்ளைக்குத் தமிழில் நாம் தருவதுதான் எல்லாம். அதுவும் படமாக இருந்தால் அந்தப் பிள்ளைக்கு எதுவுமே இல்லை.

தம்பியின் போனுக்குப் பிறகு எங்கள் தளத்தை அவரோடு சேர்ந்து ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தோம், சரியாகச் சொன்னால் கேட்டோம். கணினியில் அவர் பயன்படுத்துவது என்விடிஏ. ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன், ஜேம்ஸ் டே என்ற பார்வையற்ற இளைஞர்கள் இருவர் 2006இல் தொடங்கிய மென்பொருள். யாரும் காசு கொடுக்காமல் பயன்படுத்தலாம். தமிழும் பேசும். அதன் குரலில் எங்கள் தளத்தைக் கேட்டபோது வெட்கமாக இருந்தது.

முதல் சிக்கல், பழைய எழுத்துரு. பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு பாமினியில் தட்டச்சு செய்த கட்டுரைகளை அப்படியே ஏற்றியிருந்தோம். பாமினியில் திரையில் தெரிவது தமிழ், உள்ளே இருப்பதோ ஆங்கில எழுத்துகள். 'அம்மா' என்ற சொல்லை அது "எம், கே, அரைப்புள்ளி, கே, எச்" என்று வாசித்தது. யூனிகோடு இருக்கிறது. தமிழ்நாடு அரசே 2010இல் அதை ஏற்று ஆணையிட்டுவிட்டது. பாமினியை யூனிகோடாக மாற்றும் கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு கட்டுரைக்குச் சில நிமிடங்கள்தான். அதைச் செய்ய எங்களுக்கு இத்தனை ஆண்டுகள் தோன்றவில்லை.

இரண்டாவது, ஸ்கேன் பக்கங்கள். ஓசிஆர் மூலம் படத்திலிருந்து எழுத்தை எடுக்கலாம். ஆனால் அதோடு வேலை முடியாது. தமிழில் 'ர'வும் துணைக்காலும் கிட்டத்தட்ட ஒரே உருவம். அதனால் 'சாதி ஒழிப்பு' என்பது 'சரதி ஒழிப்பு' என்று வந்தது. கேட்டுவிட்டுத் தம்பி விழுந்து விழுந்து சிரித்தார், "சரதி யாருக்கா? அவரை ஏன் ஒழிக்கணும்?" ஆள் உட்கார்ந்து மெய்ப்புப் பார்த்தே ஆக வேண்டும். இது புதிய வேலையும் அல்ல. மதுரைத் திட்டத்தில் 1998 முதல் தன்னார்வலர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து மெய்ப்புப் பார்த்து வருகிறார்கள். விக்கிமூலத்திலும் நாட்டுடைமை நூல்களுக்கு அந்த உழைப்பு நடக்கிறது. நம் இயக்க நூல்களுக்கு நாம்தான் செய்ய வேண்டும்.

மூன்றாவது, சுவரொட்டி மோகம். தலைவர்களின் மேற்கோள்களை அழகான படமாகச் செய்து பரப்புகிறோம். ஸ்கிரீன் ரீடருக்கு அது 'படம்' என்ற ஒரே சொல். படத்தில் உள்ளதை மாற்று உரையாக எழுதிச் சேர்த்தால் அதுவும் வாசிக்கும்.

நான்காவது, நிறம். இணையப் பக்கங்களின் அணுகல் நெறிமுறைகள் 1999லிருந்தே இருக்கின்றன. எழுத்துக்கும் பின்னணிக்கும் வெளிச்ச வேறுபாடு குறைந்தது நான்கரைக்கு ஒன்று இருக்க வேண்டும் என்கின்றன இன்றைய நெறிமுறைகள். அடர் நீலத்தின் மேல் சிவப்பு பெரும்பாலும் அந்த அளவை எட்டாது. நீலமும் சிவப்பும் கறுப்பும் போராட்டக் களத்தில் இணையட்டும் தோழர்களே, வலைப்பக்கத்தில் ஒன்றின் மேல் ஒன்றை எழுதாதீர்கள். இது பார்வைக் குறைபாடு உள்ளவருக்கு மட்டுமல்ல. உப்பின் வெள்ளை வெயிலைத் திருப்பியடிக்க, ஆண்டுக்கணக்கில் கண் கூசி வேலை செய்யும் பெண்கள் இந்த ஊரில் இருக்கிறார்கள். மதிய இடைவேளையில் வெடித்த கண்ணாடி போனில் அவர்கள் நம் பக்கத்தைத் திறந்தால் ஓர் எழுத்தாவது தெரிய வேண்டும். கனமான ஸ்கேன் கோப்பு அவர்களுடைய அன்றைய டேட்டாவைத் தின்றுவிடக் கூடாது.

இன்னும் உண்டு. தலைப்பைத் தடித்த எழுத்தில் போட்டால் போதாது, தலைப்பு என்று குறிக்க வேண்டும். அப்போதுதான் தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவ முடியும். பக்கத்தின் மொழி தமிழ் என்று குறியீட்டில் சொல்ல வேண்டும். காது கேளாத தோழர்களுக்காகக் காணொலி உரைக்கு எழுத்து வடிவம் தர வேண்டும். நம் மொழிநடையையும் கொஞ்சம் இறக்கிவைக்க வேண்டும். என்னைப் போன்ற ஆய்வு மாணவர்களின் வாக்கியங்களை எந்தக் கருவியாலும் எளிதாக்க முடியாது!

இந்த வேலைக்குத் தூத்துக்குடி பொருத்தமான இடம் என்றும் சொல்வேன். இங்கிருந்து கொஞ்ச தூரத்தில், தாமிரபரணி கடலில் சேரும் புன்னைக்காயலில் இருந்து பணியாற்றியவர் அன்றீக்கே அன்றீக்கஸ். 1554இல் லிஸ்பனில் அச்சான தமிழ் நூல் ரோமன் எழுத்தில் இருந்தது. தமிழ் எழுத்திலேயே அச்சான அவருடைய 'தம்பிரான் வணக்கம்' 1578இல் கொல்லத்தில் வெளிவந்தது, 16 பக்கம். அந்த அச்சுப் பணிக்கு முத்துக்குளித்துறை மக்களின் பணம் உதவியதாக வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். நோக்கம் மதப் பரப்பலாக இருக்கலாம். ஆனால் மக்கள் வாசிக்கக்கூடிய எழுத்தில் கொடுக்க வேண்டும் என்ற புரிதல் அதில் இருக்கிறது.

நம் முன்னோடிகளுக்கும் அது இருந்தது. அயோத்திதாசர் 1907இல் தொடங்கிய இதழின் பெயரே 'ஒரு பைசாத் தமிழன்'. யாரிடம் போய்ச் சேர வேண்டும் என்பதை விலையிலேயே சொல்லிவிட்டார். பெரியார் 1935இல் 'குடி அரசு' இதழில் எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைப்படுத்தினார். துதிக்கை போட்ட லை, னை எல்லாம் போயின. படிப்பவருக்கும் அச்சுக் கோப்பவருக்கும் சுமை குறைந்தது. அரசு அதை ஏற்று ஆணையிட்டது 1978இல். நடுவில் 43 ஆண்டுகள்.

இதை ஏன் சொல்கிறேன்? இன்று சட்டம் நம் பக்கம் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இன் 42ஆம் பிரிவு, மின்னணு ஊடக உள்ளடக்கம் அணுகத்தக்க வடிவில் இருப்பதை அரசு உறுதிசெய்ய வேண்டும் என்கிறது. ராஜீவ் ரத்தூரி வழக்கில் 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், அணுகல் விதிகள் வெறும் பரிந்துரையாக இருக்கக் கூடாது, கட்டாயமாக வேண்டும் என்றது. 2025 ஏப்ரல் 30 அன்று, எண்ணிம அணுகலும் 21ஆம் பிரிவின் வாழ்வுரிமையில் அடங்கும் என்றது. இவற்றைக் காட்டி அரசிடம் கேட்போம், போராடுவோம். ஆனால் நம் கையில் உள்ள பக்கத்தைத் திருத்த எந்த ஆணைக்காகக் காத்திருக்கிறோம்? பெரியார் காத்திருக்கவில்லையே.

எங்கள் வேலை இன்னும் முடியவில்லை. ஸ்கேன் கோப்புகள் நிறைய மிச்சம். முகப்பிலிருந்து 'அனைவருக்கும்' என்ற சொல்லை இப்போதைக்கு எடுத்துவிட்டோம். வேலை முடியும் நாளில் திரும்பப் போடுவோம். எதை முதலில் திருத்துவது என்று தம்பியும் அவருடைய நண்பர்களும்தான் தீர்மானிக்கிறார்கள். எங்களுக்காக முடிவெடுக்க மற்றவர்கள் யார் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்தக் கேள்விக்கு இங்கும் அதே பதில்தான்.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் ஆண்ட்ராய்டு போனில் டாக்பேக் வசதியை இயக்கி, கண்ணை மூடிக்கொண்டு, நீங்கள் எழுதிய அல்லது பகிர்ந்த ஒரு பக்கத்தைக் கேளுங்கள். ஊமையாக இருந்தால் அதை மட்டும் தட்டச்சு செய்து மாற்றுங்கள். ஆளுக்கு வாரம் ஐந்து பக்கம் மெய்ப்புப் பார்க்க முடிந்தவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள். பூனா ஒப்பந்தம் பாடம் முடிந்துவிட்டது, தம்பி கேட்டுவிட்டார். அடுத்து மகத் பாடம் காத்திருக்கிறது.