காய்ச்சலின் காரணத்தைத் தேடும் ஊழியம்
(மீமிசலில் நடந்த ஸ்தோத்திரக் கூடுகையில் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)



சீமோன் பேதுருவின் மாமியார் ஜுரமாய்ப் படுத்திருந்ததைச் சுவிசேஷத்தில் வாசிக்கிறோம். அது எந்த ஜுரம் என்று ஆண்டவர் விசாரிக்கத் தேவையிருக்கவில்லை. மருத்துவர்களாகிய நாங்களோ விசாரித்தே ஆகவேண்டும். டெங்கு, மலேரியா, டைபாய்டு, எலிக்காய்ச்சல், உண்ணிக்காய்ச்சல் எல்லாம் முதல் நாட்களில் ஏறக்குறைய ஒன்றுபோலவே தோன்றும். ஒன்றுக்குரிய மருந்து மற்றொன்றுக்கு உதவாமல் போகலாம்.

சில ஆண்டுகளுக்கு முன், இந்தக் கடற்கரைப் பக்கத்திலிருந்து ஒரு தாயார் எட்டு நாள் காய்ச்சலோடு வந்தார். சீமைக்கருவேலங்காட்டில் விறகு வெட்டிப் பிழைப்பவர். டைபாய்டு என்று எண்ணி அதற்குரிய ஊசியைப் போட்டேன். மூன்றாம் நாள் மூச்சுத்திணறல் கண்டது. அன்றிரவு உடை மாற்றிய செவிலியர் சகோதரி, மார்பின் அடியில் பீடியால் சுட்டதுபோன்ற கருத்த புண்ணைக் கண்டார். வலியோ அரிப்போ இல்லாததால் அந்தத் தாயாருக்கே அது தெரியாது. உண்ணிக்காய்ச்சலின் அடையாளம் அதுவே. உடனே டாக்ஸிசைக்ளின் கொடுத்தோம். தேவகிருபையால் பிழைத்தார். முதல் நாளே நான் தேடிப் பார்த்திருக்க வேண்டும். இன்றும் அது என் மனதை உறுத்துகிறது.

புதரிலும் புல்லிலும் இருக்கும் சிற்றுண்ணியின் குஞ்சு கடிப்பதால் ஓரியன்ஷியா என்னும் கிருமி உடலில் சேர்கிறது. டைபாய்டுக்கு வழக்கமாகப் போடும் ஊசி அதை அழிப்பதில்லை.

இந்நோய் முற்றியவர்களுக்கு எந்த மருந்து நல்லது? வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி முன்னின்று, இந்தியாவின் 7 மருத்துவமனைகளில் சுமார் 800 நோயாளிகளிடம் இதை ஆராய்ந்தது. முடிவு 2023இல் வெளியானது. டாக்ஸிசைக்ளின் அல்லது அசித்ரோமைசின் மட்டும் பெற்றவர்களில் 100க்கு சுமார் 47 பேருக்கு மரணமோ, தீராத சிக்கலோ, நீடித்த காய்ச்சலோ நேர்ந்தது. இரண்டையும் சேர்த்து நரம்புவழி பெற்றவர்களில் அது 33 ஆகக் குறைந்தது. இரண்டும் ஏற்கெனவே நம் கையிலிருந்த மருந்துகளே!

பிரியமானவர்களே, கட்டிடத்துக்குக் கொடுத்தால் பெயர்க்கல் பதிக்கலாம். இரத்தப் பரிசோதனைக்குக் கொடுக்கும் காணிக்கைக்குக் கல் இல்லை; பிழைத்து வீடு திரும்பும் ஒரு தாய் இருக்கிறாள்.

விறகுக்குப் போய் வந்தால் குளியுங்கள், உடையைத் துவையுங்கள். காய்ச்சல் கண்டால், புதர்ப்பக்கம் போனதை மருத்துவரிடம் மறவாமல் சொல்லுங்கள். ஆய்வுக்கூடத்தில் உழைக்கும் பிள்ளைகளை உங்கள் ஜெபத்தில் தாங்குங்கள். கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.