மாமனார் வீட்டு வயல்



தாய்லாந்தின் வடகிழக்குப் பகுதிக்கு ஈசான் என்று பெயர். நாம் ஈசான மூலை என்கிறோமே, அதே சொல்தான். அங்கே மணமான ஆடவன் மனைவியின் இல்லத்திற்குச் சென்று வாழ்வது பழைய வழக்கம். நமக்கு அறிமுகமான வெளிநாட்டவர் ஒருவர் அவ்வாறே மருமகனாய்ச் சென்று, மாமனாரின் 10 ராய் வயலில் இறங்கினார். 10 ராய் ஏறத்தாழ 4 ஏக்கர்.

அது வானம் பார்த்த பூமி. ஆண்டுக்கு ஒரு போகமே. ஜூலையில் நட்டு நவம்பரில் அறுப்பர். அறுபதைக் கடந்த மாமியார் இரு வரிசை நட்டு முடிக்கையில், இவர் அரை வரிசையைத் தாண்டவில்லையாம்! முன்னர் அண்டை வீட்டார் ஒருவர் வயலில் ஒருவர் கூலியின்றி உழைத்தனர். வயிறார உணவளிப்பதே கைம்மாறு. இளைஞர் பலர் பாங்காக் சென்றுவிட்டதால், இன்று அறுவடை இயந்திரத்திற்கு வாடகை தர வேண்டியுள்ளது. அதுவும் உரச் செலவும் போக மிஞ்சுவது சொற்பம். ஆயினும், நாம் புலுட் என்றழைக்கும் பசையரிசிக்கான நெல் வீட்டுக் களஞ்சியத்தில் நிறையுமுன், மணமிகு மல்லி நெல்லில் ஒரு மூட்டையையும் விற்க மாமனார் இசையார்.

பொதுவாக அங்கே வெளிநாட்டவர் நிலம் வாங்க இயலாது. 1999ஆம் ஆண்டுச் சட்டமோ நெல் வேளாண்மைத் தொழிலையும் தாய் மக்களுக்கே ஒதுக்கியது. ஆகவே பத்திரத்தில் இவர் பெயர் இல்லை. எனினும், விதைநெல்லைப் பிரித்து வைக்கும் பொறுப்பை மாமனார் இவரிடமே ஒப்படைத்திருக்கிறார்.