நேற்று ஓடிய பேருந்து



இந்தோனேசியாவின் ஜாவாத் தீவில் ஒரு நெடுஞ்சாலை. அதில் நம் அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் பச்சைப் பேருந்து ஒன்று விரைந்துகொண்டிருக்கிறது. முகப்பில் ‘திண்டிவனம்’ என்று தமிழில் பலகை. ஏர் ஹாரன் அசல் நம்மூர்ச் சத்தம். எதிரே வரும் லாரிகளும் சாலையோரக் கடைகளும்தான் வேற்று நாடு.

மறைமலை நகரில் நாலைந்து பேராக அறை எடுத்துத் தங்கி, கம்பெனி பஸ் ஏறி ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் ஷிப்ட் போகிற தம்பிகளுக்கு இது அதிசயமாகவே இருக்காது. அவர்களில் பலருடைய கைப்பேசியில் அந்தப் பேருந்து நிற்கிறது. விளையாட்டின் பெயர் ‘பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியா’. மலேயோ என்ற இந்தோனேசிய நிறுவனம் 2017-இல் வெளியிட்டது. அதற்கு முந்தைய டிசம்பரில்தான், சாலையோரம் நின்று பேருந்து ஓட்டுநர்களைப் பார்த்து “மாமா, ஹாரன் அடிங்க மாமா” என்று கத்துகிற இந்தோனேசியப் பிள்ளைகளின் காணொளிகள் உலகம் முழுக்கப் பரவின. ஹாரனுக்காகவே பேருந்தை ரசிக்கும் ஒரு நாட்டிலிருந்து வந்த விளையாட்டு தமிழ்நாட்டுப் பையன்களுக்குப் பிடித்துப்போனதில் வியப்பு என்ன? அங்கேயும் நம்மைப் போலவே சாலையின் இடப்பக்கம்தான் வண்டி போகும், ஸ்டியரிங் வலப்பக்கம் இருக்கும். அதுவும் வசதி.

அந்த நிறுவனம் ஒரு நல்ல காரியம் செய்தது. வண்டிக்கு நீங்களே வண்ணம் பூசிக்கொள்ளலாம் என்றது. பிறகு, நீங்களே வடிவமைத்த வண்டியையும் உள்ளே கொண்டுவரலாம் என்றது. இப்படி விளையாடுகிறவர்களே செய்து சேர்க்கிற சரக்குக்குத்தான் ‘மாட்’ என்று பெயர். கரூரில் பாடி கட்டிய பேருந்தின் ஜன்னல் கம்பி, படிக்கட்டுக் கைப்பிடி, டிரைவர் தலைக்கு மேலே இருக்கிற சாமி படம் வரை பார்த்துப் பார்த்துச் செய்கிறார்கள். 2022-இல் சென்னையில் மகளிர் கட்டணமில்லாப் பேருந்துகளுக்கு இளஞ்சிவப்பு அடித்தார்கள். 2023-இல் புதுப்பித்த வெளியூர்ப் பேருந்துகள் மஞ்சள் நிறத்தில் வந்தன. இப்படிப் பணிமனையில் பெயின்ட் மாறினால், திரையிலும் யாரோ ஒருவர் உட்கார்ந்து மாற்றியாக வேண்டும். பெரும்பாலும் சம்பளம் இல்லாத வேலை. பாராட்டுகூட அரைகுறைதான்.

இப்படிச் செய்த பேருந்து திடீரென்று ஒருநாள் ஓடாமல் போகும். அதைப் பற்றித்தான் இன்று பேச வந்தேன்.

இரவில் கைப்பேசியைச் சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்குகிறோம். வைஃபை இருக்கிறது, கருவி சும்மா கிடக்கிறது. அந்த நேரம் பார்த்துத்தான் செயலிகள் தம்மைத் தாமே புதுப்பித்துக்கொள்ளும். காலையில் விளையாட்டைத் திறந்தால், நேற்று வரை சாலையில் ஓடிய நம்மூர் ஆட்டோக்களையும் தண்ணீர் லாரிகளையும் காணோம். ஏன்? ஆண்டிராய்டில் பெரிய விளையாட்டுகளின் படமும் ஒலியும் சாலை வரைபடமும் வெகுகாலம் ‘ஓபிபி’ என்ற தனிக் கோப்பில் வந்தன. அந்தக் கோப்பின் பெயரிலேயே பதிப்பு எண் எழுதியிருக்கும். மாட் செய்கிறவர்கள் அந்தக் கோப்பைத்தான் பிரித்து, நம்மூர் வண்டிகளை உள்ளே வைத்து, மறுபடி மூடிக் கொடுத்தார்கள். பதிப்பு எண் மாறிவிட்டால் விளையாட்டு புதிய பெயருள்ள கோப்பைத் தேடும். பழையதைத் திரும்பியும் பார்க்காது. பெயரை மட்டும் மாற்றி வைத்தாலும், உள்ளே அடுக்கு மாறியிருந்தால் விளையாட்டு திறந்த வேகத்தில் மூடிக்கொள்ளும்.

கணினி விளையாட்டுகளில் இது இன்னும் ஆழமான தொல்லை. சில மாட்கள் விளையாட்டின் நிரலுக்குள்ளேயே கை வைப்பவை. எந்தக் கட்டளை நினைவகத்தில் எந்த முகவரியில் இருக்கிறது என்று மாதக்கணக்கில் தேடிக் கண்டுபிடித்து, அங்கே தன் கட்டளையைச் செருகுவார்கள். நிறுவனம் ஒரு சிறு பிழையைத் திருத்தி நிரலை மறுபடி தொகுத்தாலே போதும், முகவரிகள் எல்லாம் இடம்பெயர்ந்துவிடும். வேண்டுமென்று யாரும் உடைக்கவில்லை. ஆனாலும் உடைந்துவிடும்.

2024-இல் நடந்ததைக் கேளுங்கள். ‘ஃபால்அவுட் 4’ என்ற 2015-ஆம் ஆண்டு விளையாட்டுக்கு, லண்டன் மாநகரையே புதிதாகக் கட்டி, ஏறக்குறைய இன்னொரு முழு விளையாட்டையே தன்னார்வலர்கள் பல ஆண்டுகள் உழைத்து உருவாக்கியிருந்தார்கள். ‘ஃபால்அவுட்: லண்டன்’ என்று பெயர். ஏப்ரல் 23 வெளியீடு என்று நாள் குறித்தாயிற்று. ஃபால்அவுட் 4-ஐ உருவாக்கிய நிறுவனமோ ஏப்ரல் 25 அன்று பெரிய அப்டேட் வருகிறது என்று அறிவித்தது. இடையில் இரண்டே நாள். வெளியீட்டைத் தள்ளிவைப்பதைத் தவிர தன்னார்வலர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. கடைசியில் ஜூலை 25 அன்று, மூன்று மாதம் கழித்து வந்தது. அதுவும் விளையாட்டைப் பழைய பதிப்புக்குத் திருப்பிக்கொண்டால்தான் ஓடும் என்ற நிபந்தனையோடு.

மறைமலை நகர்த் தொழிற்பேட்டைக்காரர்களிடம் இதைச் சொன்னால் முதலில் வருகிற கேள்வி, “இ.சி.என். கொடுக்கலையா?” என்பதாகத்தான் இருக்கும். வெளியூர் நேயர்களுக்காகச் சொல்கிறேன். கார் ஆலையில் ஒரு பாகத்தின் துளை அரை மில்லிமீட்டர் தள்ளிப்போவதாக இருந்தாலும், அதைச் செய்துகொடுக்கும் வெண்டருக்கு முன்கூட்டியே இன்ஜினியரிங் சேஞ்ச் நோட்டீஸ் போகும். எந்தத் தேதியிலிருந்து, எந்த வண்டி எண்ணிலிருந்து புதிய பாகம் லைனில் ஏறும், கையிருப்பில் இருக்கும் பழைய பாகத்தை என்ன செய்வது, எல்லாம் பேசி முடிவாகும். சாம்பிள் கொடுத்து ஒப்புதல் வாங்கிய பிறகுதான் மாற்றம். ஃபோர்டு நிறுவனத்தையே எடுத்துக்கொள்ளுங்களேன். 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. 2022-இல் மறைமலை நகர் ஆலையில் கடைசி ஈகோஸ்போர்ட் கார் இறங்கியது. இந்த ஊருக்கு அது என்ன அடி என்று நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் அப்படிக் கடையைக் கட்டிய நிறுவனம்கூட, ஏற்கெனவே விற்ற கார்களுக்கு சர்வீசும் உதிரிபாகமும் கிடைக்கும் என்று சொல்லிவிட்டுத்தான் போனது. நேற்று வாங்கிய காரை இன்று காலை வீட்டு வாசலில் வந்து யாரும் மாற்றி வைக்கவில்லை.

விளையாட்டு நிறுவனம் மட்டும் ஏன் மாற்றி வைக்கிறது?

அவர்கள் தரப்பிலும் நியாயம் உண்டு. பல பேர் சேர்ந்து ஆடும் விளையாட்டில் எல்லோரிடமும் ஒரே பதிப்பு இருந்தாக வேண்டும். பாதுகாப்பு ஓட்டைகள் அதைவிட முக்கியம். 2021 டிசம்பரில் ‘லாக்4ஜே’ என்ற மென்பொருள் துணுக்கில் ஓட்டை இருப்பது வெளியே தெரியவந்தது. உலகமே பதறியது. ‘மைன்கிராஃப்ட்’ விளையாட்டின் அரட்டையில் ஒரு வரி தட்டினாலே அடுத்தவர் கணினிக்குள் புகுந்துவிடலாம் என்ற நிலை. அடுத்த நாளே, டிசம்பர் 10 அன்று, அதன் நிறுவனம் திருத்திய பதிப்பை வெளியிட்டது. அப்டேட் செய்ய மாட்டேன் என்று அன்று யாராவது அடம்பிடித்திருந்தால் அவரை முட்டாள் என்றுதான் சொல்வேன்.

ஆனால் அதே நிகழ்ச்சியில் இன்னொன்றையும் கவனியுங்கள். கணினியில் ஆடும் மைன்கிராஃப்டில் பழைய பதிப்புகளையும் தேர்ந்தெடுத்து ஆடலாம். 2014-இல் வந்த பதிப்புக்கென்று செய்த மாட்களை இன்றும் ஆடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த ஓட்டை பழைய பதிப்புகளிலும் இருந்தது. நிறுவனம் அவற்றைக் கைகழுவவில்லை. பழைய பதிப்பில் சர்வர் நடத்துகிறவர்கள் எதைச் சேர்த்தால் ஓட்டை அடைபடும் என்று பதிப்பு வாரியாகச் சொன்னது. பாதுகாப்பும் கிடைத்தது, மாட்களும் பிழைத்தன. ஆகவே, பாதுகாப்புக்காகப் பழையதை அழித்தே தீர வேண்டும் என்று யாராவது சொன்னால் நான் நம்பத் தயாரில்லை. செலவு ஆகும் என்று சொன்னால் நம்புவேன்.

லாரி ஓட்டும் ‘யூரோ டிரக் சிமுலேட்டர் 2’ இன்னொரு நல்ல முன்மாதிரி. 2012-இல் வெளிவந்தது, இன்னும் ஆண்டுக்குச் சில முறை புதிய பதிப்பு வருகிறது. ஆனால் கணினி விளையாட்டுகளை விற்கும் ‘ஸ்டீம்’ என்ற இணையக் கடையில் அந்த விளையாட்டின் அமைப்புகளுக்குள் போனால் பழைய பதிப்புகள் வரிசையாக இருக்கும், வேண்டியதைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். மாட் செய்கிறவரும், தன் மாட் எந்தெந்தப் பதிப்புக்கு ஒத்துவரும் என்று அதற்குள்ளேயே எழுதி வைக்கலாம். இது ராக்கெட் விஞ்ஞானம் அல்ல. செக் நாட்டில் பிராக் நகரத்து நிறுவனம் ஒன்று பல ஆண்டுகளாகச் செய்துகொண்டிருக்கிறது.

இப்படி மாற்றி அமைப்பதைப் பற்றிச் சட்டத்தில் ஒரு வேடிக்கை இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த வடிவத்துக்கு மாறாக நிஜ வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் அதை உறுதிசெய்தது. 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்திலும் ஒரு 52-ஆவது பிரிவு உண்டு. எவையெல்லாம் மீறல் ஆகாது என்று அடுக்குகிற பிரிவு அது. நியாயமாகக் கையில் வைத்திருக்கும் ஒரு மென்பொருளோடு, தனியாக எழுதிய இன்னொரு மென்பொருளை இணைந்து இயங்கச் செய்வதற்கான தகவல் வேறு வழியில் எளிதாகக் கிடைக்காவிட்டால், அதைத் தேடி எடுக்கலாம் என்று அதில் ஓர் உட்பிரிவு இருக்கிறது. அதற்காக எல்லா மாட்களும் சட்டப்படி சரி என்று ஆகிவிடாது. ஒரு தனியார் ஆம்னி பஸ் நிறுவனத்தின் பெயரையும் சின்னத்தையும் அப்படியே எடுத்துப் போடுவது வேறு வழக்கு.

எனக்கு உண்மையில் கவலை தருவது வேறு. மாட் உடைந்த பையன் சும்மா இருப்பதில்லை. பழைய பதிப்பைத் தேடி, பெயர் தெரியாத ஏதோ ஓர் இணையதளத்தில் ‘ஏபிகே’ என்ற ஆண்டிராய்டு செயலிக் கோப்பை இறக்குகிறான். அது தொடர்பு எண்களைக் கேட்கும், குறுஞ்செய்தியைப் படிக்க அனுமதி கேட்கும். ‘ஓகே’, ‘ஓகே’ என்று தட்டிக்கொண்டே போகிறான். சம்பளம் ஏறுகிற வங்கிக் கணக்கும் அதே கைப்பேசியில்தான் இருக்கிறது. பாதுகாப்புக்கென்று வந்த தானியங்கி அப்டேட் அவனைத் தள்ளிவிட்ட இடம் இது. பழைய பதிப்பை நிறுவனமே கொடுத்திருந்தால் அவன் அந்தப் பக்கம் போயிருக்கவே மாட்டான்.

நிறுவனங்கள் திருந்தும்வரை நம் கையில் இருப்பதைச் செய்வோம். பிளே ஸ்டோரில் அந்த விளையாட்டின் பக்கத்துக்குப் போங்கள். மேலே வலது மூலையில் மூன்று புள்ளி இருக்கும். அதைத் தொட்டால், தானாகப் புதுப்பிக்கும் வசதிக்கு எதிரே ஒரு டிக் தெரியும்; அதை எடுத்துவிடுங்கள். ஸ்டீமில் இந்த அளவுக்குச் சுதந்திரம் இல்லை. விளையாட்டைத் திறக்கும்வரை அப்டேட்டைத் தள்ளிப்போடலாம், அவ்வளவுதான். மாட் கோப்புகளையும் சேமித்த ஆட்டங்களையும் ஒரு பென்டிரைவில் நகல் எடுத்து வையுங்கள். ஆண்டிராய்டில் புதிய பதிப்பின் மேல் பழையதை நேரடியாக ஏற்ற முடியாது. செயலியை அழித்துவிட்டுத்தான் போட வேண்டும், அப்போது விளையாடிச் சேர்த்ததும் சேர்ந்து போய்விடும்.

இன்னொன்று, அந்த டிக்கை அந்த ஒரு விளையாட்டுக்கு மட்டும் எடுங்கள். வங்கிச் செயலிக்கும் பணம் அனுப்பும் செயலிக்கும் அது இருக்கட்டும்.